ஆம்புரோஸின் முகத்துக்கு ஒரு தொப்பி

இப்போதெல்லாம் சுவரில் ஆணியடித்து எதை மாட்டினாலும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். எடுத்துப் பார்ப்பதில்லை. திருப்பிப் பார்ப்பதில்லை. உள்ளே கைவிட்டுப் பார்ப்பதில்லை. எங்கள் ஊருக்கு ரயில் வந்ததிலிருந்து இது இன்னும் மோசம். பிரிஸ்டலிலிருந்து ஒருவன் வந்து இறங்குகிறான். அடுத்த வண்டிக்கு நேரமிருக்கிறதென்று ‘மூன்று நாரைகள்’ விடுதிக்குள் நுழைகிறான். கணப்புக்கு மேலே தொங்கும் சிப்பாய்த் தொப்பியின் ஓட்டைக்குள் விரலை விட்டு, “ஐயோ, குண்டு போன வழி!” என்கிறான். கூட வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். குண்டு வெளியே வந்த வழி எங்கே என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஓட்டை ஒரு பக்கம்தான். மறுபக்கம் முழுசாக இருக்கிறது. உள்ளே போன குண்டு என்ன, அங்கேயே குடித்தனம் நடத்துகிறதா?

என் பெயர் ரூபன் காலோ. படையில் இருந்தவன். எழுத்தும் அங்கேதான் வந்தது, அதுவும் பாதி. ஆனால் தொப்பியைப் பற்றிப் பேச எனக்குப் படிப்பு வேண்டாம். ஸ்பெயின் முழுவதும் அதைத் தலையில் சுமந்து நடந்தேன். அதிகாரிகள் அதை ஷாக்கோ என்பார்கள். நாங்கள் தொப்பி என்போம், கோபம் வந்தால் அடுப்புக் குழாய் என்போம். அப்படித்தான் இருக்கும். கறுப்புக் கம்பளியை அழுத்திச் செய்தது. நேராக ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைய எழும்பி, மேலே தட்டையாக முடியும். முன்னால் பித்தளைத் தகடு, அதற்கு மேல் ஒரு குஞ்சம், கண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தோல் விளிம்பு. மழையில் கல்லாய்க் கனக்கும். வெயிலில் மண்டை வேகும். காற்றடித்தால் தொப்பி ஒரு பக்கம் ஓடும், அதைத் துரத்திக்கொண்டு நாம் ஓட, நம்மைத் துரத்திக்கொண்டு கார்ப்பொரல் ஓடுவான். அதனால் ஒரே ஒரு நன்மை உண்டு. உள்ளே வெற்றிடம் நிறைய. சுங்கான், புகையிலை, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு வெங்காயம், எல்லாம் அதற்குள் போகும்.

கணப்புக்கு மேலே தொங்கியது என் சிநேகிதன் ஆம்புரோஸ் பின்னெலின் தொப்பி என்று விடுதிக்காரன் சைலஸ் விக் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதை நம்பியதும் இல்லை, மறுத்துப் பேசியதும் இல்லை. எனக்கென்ன வந்தது என்றிருந்தேன். போன பிப்ரவரியில் ஆம்புரோஸ் நெஞ்சுச் சளியோடு படுக்கையில் விழுந்தான். பிறகு அது என் தலையில் வந்து விழுந்தது.

அவன் மனைவி டாம்சின் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ரூபன், அவரு உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. என்னான்னு கேட்டா எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாரு. உனக்குப் புரியாதுங்கிறாரு. நாப்பது வருஷமா அவரு துணி துவைக்கிறேன், எனக்குப் புரியாதாம்.”

போனேன். ஆம்புரோஸுக்குக் கண் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆனால் என் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

“வந்துட்டியா கிழவா. கதவைச் சாத்து, குளிரு வருது.”

“சாத்தித்தான் இருக்கு.”

“அப்ப நீதான் குளிரைக் கூட்டிட்டு வந்திருக்கே. உக்காரு. எனக்கு என் தொப்பி வேணும்.”

“எங்கே புறப்பட்டே?”

“எங்கே புறப்படுவேன்? மண்ணுக்குள்ளதான். மூஞ்சி மேல கவுத்து வெச்சுப் பொதைக்கணும். நீதான் வெக்கணும்.”

டாம்சின் வாயில் கையை வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும்.

ஸ்பெயினில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது எங்களை இரவு பகலாய்ப் பள்ளம் தோண்ட விட்டார்கள். விடாத மழை. பள்ளத்தின் ஒரு கரை ஊறிப்போய் அப்படியே ஆம்புரோஸ் மேல் சரிந்தது. ஒரு நிமிஷம் முன்பு திட்டிக்கொண்டிருந்தவன், அடுத்த நிமிஷம் வெறும் சேறு. தோண்டினோம். மண்வெட்டி அவன் மேல் பட்டுவிடக் கூடாதென்று கையால் தோண்டினோம். செத்துப்போனான் என்றே எல்லோரும் நினைத்தோம். மண் சரிந்த வேகத்தில் அவன் தொப்பி முன்பக்கமாய் இறங்கி முகத்தை மொத்தமாய் மூடியிருந்தது. தோல் விளிம்பு பிளந்து அவன் மூக்கையும் உடைத்திருந்தது. அதைப் பிடுங்கினேன். போத்தலிலிருந்து தக்கை வருவது போல ஒரு சத்தம். உள்ளேயிருந்து அவன் முகம். “ஏன்டா இவ்வளவு நேரம்?” என்றான். அவ்வளவு நேரமும் அந்தத் தொப்பிக்குள் இருந்த காற்றைத்தான் குடித்திருக்கிறான். அதில் ஒரு வெங்காயமும் இருந்தது. “வெங்காயத்தையே மோந்துட்டுக் கெடந்தேன்” என்று பிறகு வருஷக்கணக்கில் சொன்னான்.

ஆக, அதுதான் விஷயம். நான் சொன்னேன்:

“ஆம்புரோஸ், செத்தவனுக்கு மூச்சு எதுக்குடா?”

“முழுசாச் சாகலைன்னா?”

“முழுசாச் செத்தப்புறம்தான் பொதைப்பாங்க.”

“அன்னிக்கும் நான் செத்துட்டேன்னுதானே நெனச்சே? கூடத் தோண்டுன ஐரிஷ்காரன் என் பூட்ஸைக் கேக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு உள்ளேருந்து கேட்டுச்சு.” இருமினான். இருமி முடிக்கும்வரை டாம்சின் அவன் முதுகைப் பிடித்திருந்தாள். “சாவு எனக்குப் பயமில்லை. மண்ணு மூஞ்சியில விழுறதுதான். அது வாய்க்குள்ள வரும் பாரு... நீ உள்ளே கெடக்கலை. நான் கெடந்தேன். ஏழைக்குத் திருச்சபை குடுக்குற சவப்பொட்டி எப்படின்னு எனக்குத் தெரியும், பலகைக்குப் பலகை விரல் விட்டு ஆட்டலாம். என் தொப்பியைக் கொண்டா. என் தொப்பி, வேற எதுவும் இல்லை. அதுக்குத்தான் வேலை தெரியும்.”

அதைச் சைலஸ் விக்கிடம் கொடுத்தவன் இவன்தான். ஒரு குளிர்காலம் முழுவதும் குடித்த ஆப்பிள் சாராயத்துக்கு ஈடாகக் கொடுத்தான். கூட உட்கார்ந்து நானும் குடித்தேன். அதை இப்போது திரும்பக் கேட்டு வாங்க நான் போக வேண்டும்.

போனேன். விடுதி நிறையப் புகை. கணப்புக்கு மேலே உத்தரம் நெடுக விக்கின் மனைவி வெங்காயச் சரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அதற்கு நடுவில் அந்தத் தொப்பி. முதல் தடவையாக அதை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இது ஆம்புரோஸோடது இல்லைய்யா.”

சைலஸ் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “அவரு கையால எங்கிட்ட குடுத்தது. நீயும் கூடத்தானே உக்காந்து குடிச்சே?”

“அவன் குடுத்தது நேரா, குழாய் மாதிரி இருக்கும். இதைப் பாரு, முன்பக்கம் மட்டும் மதிலு மாதிரி ஒசந்து நிக்குது. இது சண்டையோட கடைசி வருஷம் வந்த புது மாதிரி. எங்க படைக்கு அது வரவே இல்லை.”

“ஓ, அதைச் சொல்றியா. படம் வரையிற கனவான் ஒருத்தர் வந்தாரு. முன்பக்கம் ஒசந்து நின்னாத்தான் வாட்டர்லூ தொப்பின்னாரு. என் பொண்டாட்டி ஒரு கம்பளித் துண்டை வெட்டி முன்னால தைச்சுட்டா.”

“நாங்க வாட்டர்லூவுக்கே போகலை! அதுக்கு முந்தின வருஷமே எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க!”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீங்க போயிருக்கணும்.”

பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது.

“சரி, இந்த விளிம்பு? அவனோடது நடுவுல பொளந்து போய் ஆட்டு நரம்பால தைச்சிருந்தான். எடது கைக்காரன் தையலு, அத்தனையும் சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுந்திருக்கும். முடிச்சு நெத்தியில குத்துதுன்னு உள்பக்கமா ஒரு துணித் துண்டு வேற வெச்சிருந்தான். இது புத்தம் புதுசா வழவழன்னு இருக்கே?”

“பிஞ்சு தொங்கிச்சு. சேணம் தைக்கிறவன்கிட்ட குடுத்து மாத்துனேன்.”

“தகடு? இது வேற படையோட நம்பரு.”

“பழசை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். கெடைச்சதைப் போட்டேன்.”

“குஞ்சம்?”

“எலி. வேற ஒண்ணு செருகினேன்.”

“இந்த ஓட்டை?”

“அந்துப்பூச்சி. நான் கொஞ்சம் பெருசு பண்ணேன். அந்துப்பூச்சி ஓட்டையைப் பாக்க எவன் வருவான்?”

“அப்ப அவனோடதுன்னு இதுல என்னய்யா மிச்சம்?”

“மத்ததெல்லாம்!” என்றான் சைலஸ், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஒருவேளை உண்மையாகவே அப்படி நடந்திருக்கலாம். ஒவ்வொன்றாய்ப் போய் ஒவ்வொன்றாய் மாற்றியிருக்கலாம். அல்லது ஆம்புரோஸுடையதை எவனோ ஒரு கனவானுக்குத் தள்ளிவிட்டு, பழைய சாமான் கடையிலிருந்து இதை வாங்கி மாட்டியிருக்கலாம். சைலஸ் எதையும் செய்வான். அவன் விடுதியில் முயல் கறி தின்னும்போது நான் எலும்பை எண்ணிப் பார்ப்பேன்.

ஆனால் ஊரில் வேறு தொப்பி இல்லை. அதனால் கேட்டேன். முகத்தின் மேல் வைக்க என்று சொல்லவில்லை. சாவுக்கு வேண்டும் என்றேன்.

“சவப்பொட்டி மேல வெச்சு எடுத்துட்டுப் போகவா? தாராளமா. சிப்பாய்க்கு அதுதானே மரியாதை. ஊரே பாக்கும், நல்லதுதான். ஆனா திரும்பி வந்துடணும். மண்ணுக்குள்ள போகக் கூடாது. ஆளு இன்னும் இருக்காரா?”

“இருக்கான்.”

“அவசரம் ஒண்ணும் இல்லை. சனிக்கிழமை சந்தை, அன்னிக்கு இது ஆணியில இருந்தா நல்லது. அவரு காதுல போட்டு வை.”

ஆம்புரோஸ் காதில் நான் எதையும் போடவில்லை. தொப்பியை அவன் கையில் கொடுத்தேன். ஆம்புரோஸ் அதைத் தடவினான். மேலே தடவினான், பக்கத்தில் தடவினான், விளிம்பில் விரலை ஓட்டினான். விளிம்பைத் தொட்டதும் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. படுத்தவாக்கில் அதை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டான்.

டாம்சின், “ஐயோ, எடுங்க அதை” என்றாள்.

உள்ளேயிருந்து கிணற்றுக்குள் பேசுவது போல அவன் குரல் வந்தது. “ரூபன். இது என்னோடதுதான்.”

“எப்படிச் சொல்றே? விளிம்பு புதுசு. முன்னால மதிலு. எதுவுமே—”

“வெங்காய வாடை அடிக்குது.”

“விக்கோட பொண்டாட்டி மேல வெங்காயச் சரம் கட்டியிருக்காடா! அங்கே போயிட்டு வந்தா என் கோட்டுலகூட வெங்காய வாடைதான்!”

“என் மூச்சு வாடையும் இருக்கு.”

“நீ இப்போ உள்ளே மூச்சு விட்டுட்டு இருக்கே. வேற எவன் மூச்சு அடிக்கும்?”

தொப்பியைத் தூக்கினான். பார்வையில்லாத கண்ணை என் பக்கம் திருப்பினான். அவனுக்குக் கோபம்.

“உனக்கு என்னதான்டா வேணும்? பிரெஞ்சுக்காரன் போயிட்டான்னு சொன்னப்பவும் நம்பலை. சண்டை முடிஞ்சுதுன்னு தம்பட்டம் அடிச்சப்பவும் நம்பலை, ஒருத்தனா பள்ளத்துல உக்காந்திருந்தே. நான் சாகப்போறேன்னாவது நம்புறியா?”

“பாத்தாத்தான் தெரியும்.”

சிரித்தான். அது இருமலில் போய் முடிந்தது. முடிந்ததும் என் கையைத் தேடிப் பிடித்தான். “என்னோடதோ இல்லையோ, அதை நான் பாத்துக்கறேன். நீ மூஞ்சி மேல வெச்சிடு. மேல மண்ணு விழுறப்ப இது எம்மேல இருக்கணும். சத்தியம் பண்ணு.”

செய்தேன். தொப்பி அவனுடையது என்று செய்யவில்லை. வைப்பேன் என்றுதான் செய்தேன். அவனுக்கு நிஜமாகவே தெரிந்ததா, தெரியாமல் சொன்னானா, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாய்ப் படுக்கத்தான் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை விடிந்ததும் செத்துப்போனான்.

சபையின் தச்சன் ஹோப்லி பெட்டியைக் கொண்டுவந்தான். மரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆழமே இல்லாமல் செய்திருந்தான். ஆம்புரோஸைக் கிடத்தினோம். முகத்தின் மேல் தொப்பியைக் கவிழ்த்தேன். மூடியை வைத்தால் உட்காரவில்லை. தலைப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

ஹோப்லி குனிந்து பார்த்தான். “தொப்பியை எடு, இல்லாட்டித் தலையை எடு. ரெண்டுக்கும் எடமில்லை.”

“பொட்டியை ஒழுங்கா செஞ்சிருந்தா எடம் இருந்திருக்கும்.”

“தொப்பியோட படுப்பாருன்னு யாரும் சொல்லலையே. நானும் எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கேன், யாரும் வெளியூரு கிளம்புற மாதிரி தொப்பி போட்டுட்டு வந்ததில்லை.”

டாம்சின் குறுக்கே வந்தாள். “அதை எடுக்கக் கூடாது. அவரு கேட்டது அது ஒண்ணுதான். பாட்டு வேணாம்னாரு, கல்லு வேணாம்னாரு. அது மட்டும்தான் கேட்டாரு.”

இடித்தது எது என்று பார்த்தேன். அந்த மதில்தான். முன்பக்கம் உயர்ந்து நின்ற அந்தப் பொய் முகப்பு. மண்டை மூடும் பாகத்துக்குப் பெட்டியில் இடமிருந்தது. நேரான பழைய தொப்பியாயிருந்தால் இத்தனை பாடில்லை. கத்தியை எடுத்தேன். முகப்பின் தையலை ஒவ்வொன்றாய் அறுத்தேன். அறுக்கும்போது உற்றுப் பார்த்தேன், விக்கின் மனைவி தைத்ததா, படைக் கிடங்கில் தைத்ததா என்று. வருஷக்கணக்கான கறுப்பு மெழுகும் அடுப்புப் புகையும் ஏறி நூலும் கம்பளியும் ஒன்றாகிக் கிடந்தன. ஒன்றும் தெரியவில்லை. முகப்பு கையோடு வந்தது, தகடும் விக் செருகிய போலிக் குஞ்சமும் அதிலேயே ஒட்டிக்கொண்டு. மிச்சமிருந்தது வெறும் கறுப்புக் குழாய், கொஞ்சம் குட்டையாக. வெட்டியதால் குட்டையா, பிறவியிலேயே குட்டையா என்றும் தெரியவில்லை. அதை அவன் முகத்தில் வைத்தேன். ஹோப்லி மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆணி அடித்தான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஊர்வலத்தில் சைலஸ் விக் நிற்பான். பெட்டியின் மேல் தொப்பியைத் தேடுவான். காணோமென்றால் எல்லோர் முன்னாலும் மூடியைத் திறக்கச் சொல்லுவான். சொல்லக்கூடியவன்தான்.

டாம்சின் என் கையிலிருந்த முகப்பை வாங்கினாள். தன் கறுப்புச் சால்வையைச் சுருட்டி மூடியின் மேல் வைத்தாள். அதற்கு முன்னால் முகப்பை நிமிர்த்தி வைத்து, ரெண்டு ஊசி குத்தினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். தகடு, குஞ்சம், மதில். முன்னாலிருந்து பார்த்தால் அசல் தொப்பி.

“இது செரியா வருமா?” என்றாள்.

“இந்த ஊருக்கு இது போதும்.”

போதுமானதாகத்தான் இருந்தது. நாலு பேர் தோளில் தூக்கிப் போனார்கள். கீழே நின்றவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். ஆண்கள் தங்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். யாரோ ஒருத்தி, “அது வாட்டர்லூ தொப்பிடி” என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். ‘மூன்று நாரைகள்’ வாசலில் சைலஸ் விக் நெஞ்சில் கையை வைத்து நின்றான், தானே வாட்டர்லூவில் சண்டை போட்டவன் மாதிரி. வெறும் முகப்புக்கு ஊரே வணங்கியது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

குழியில் இறக்குவதற்கு முன் சால்வையையும் முகப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். மண் விழுந்தது. பெட்டியின் தலைப்பக்கம் விழுந்த மண்ணின் சத்தத்தை டாம்சின் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழி நிரம்பியதும் அவள் தோள் இறங்கியது. “மூஞ்சியில படாது” என்றாள், தனக்குத்தானே.

அப்போது வந்தான் சைலஸ்.

“நல்லபடியா முடிஞ்சுது. குடு, ரூபன். நாளைக்குச் சந்தை.”

கொடுத்தேன். வாங்கினான். திருப்பினான். பின்னால் ஒன்றும் இல்லை.

“என்னய்யா இது? மிச்சம் எங்கே?”

“நீதானே சொன்னே, இந்த முகப்பு உன் பொண்டாட்டி தைச்சது, இந்தத் தகடு நீ போட்டது, குஞ்சம் நீ போட்டதுன்னு. மத்ததெல்லாம் ஆம்புரோஸோடதுன்னு. உன்னோடது உங்கிட்ட இருக்கு. அவனோடது அவங்கிட்ட இருக்கு.”

அவன் முகம் பீட்ரூட்டாய் ஆனது. குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அது அவனோடதே இல்லைய்யா! பிரிஸ்டல்ல பழைய சாமான் கடையில வாங்கினது! அவனோட தொப்பி என் மச்சுல பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கு! நல்ல பொருளைப் புகையில தொங்கவிட நான் என்ன பைத்தியமா?”

டாம்சினின் முகத்தில் ரத்தமே இல்லை. “ரூபன்... இவரு சொல்றது நெசமா?”

“இவன் என்னைக்கம்மா நெசம் சொன்னான்?” என்றேன். அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

சைலஸ் அதை ஆம்புரோஸுடையது என்று சொன்னபோது நான் நம்பவில்லை. இல்லை என்று கத்தியபோதும் நம்பவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சலில் எவனும் எதையும் சொல்லுவான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் டாம்சின் தூங்கவில்லை. பால் வாங்கப் போனால் கல்லறைப் பக்கமாய்ச் சுற்றிப் போகிறாள் என்று ஹோப்லி சொன்னான். ஒரு நாள் என்னிடமே வந்து நின்றாள். “விக் ஆணியில வேற தொப்பி மாட்டியிருக்கானாம். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. அது அவரோடதா இருந்தா... அவரு மூஞ்சி மேல எவனோடதையோ வெச்சு அனுப்பிட்டேனே.” என்னோடு தெருவரை நடந்து வந்தாள். விடுதிக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

உள்ளே ரயிலில் வந்து இறங்கியவர்கள் கூட்டம். கணப்புக்கு மேலே, வெங்காயச் சரத்துக்கு நடுவில், ஒரு தொப்பி. நேராக, குழாய் மாதிரி, மேலே தட்டையாக. மதில் இல்லை. சைலஸ் விக் என்னைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டான்.

“எடுத்துப் பாரு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

எடுத்தேன். தோல் விளிம்பு நடுவில் பிளந்திருந்தது. ஆட்டு நரம்பால் தைத்திருந்தது. தையல் அத்தனையும் இடது கைக்காரன் போட்டது போல ஒரு பக்கமாய்ச் சாய்ந்து விழுந்திருந்தது. திருப்பினேன். உள்பக்கம் முடிச்சின் மேல் ஒரு துணித் துண்டு.

ஆம்புரோஸின் தையலேதான். அப்புறம் நினைவு வந்தது. இதே இடத்தில் நின்றுகொண்டு, கோபத்தில் வாய் திறந்து, விளிம்பு, ஆட்டு நரம்பு, இடது கை, முடிச்சு, துணி என்று ஒன்று விடாமல் இவனுக்கு ஒப்பித்தவன் நான்தான். சேணம் தைக்கிறவனுக்கு இதைச் செய்ய ஒரு மத்தியானம் போதும்.

துணி என்ன நிறம்? இது சிவப்பு. பழைய சிப்பாய்க் கோட்டுத் துணி. ஆம்புரோஸ் வைத்தது சிவப்பா, வெள்ளைச் சட்டைத் துணியா? அதை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், எனக்கே ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நரம்பை நகத்தால் சுரண்டினேன். கறுப்பு மெழுகு வந்தது. மெழுகைப் பூசினால் நேற்றுத் தைத்ததும் பழசாகும்.

“இப்பவாவது நம்புறியா?” என்றான் சைலஸ்.

பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரே பக்கம்தான்.

“இந்த ஓட்டை?”

“அது எப்பவும் இருந்துச்சு.”

“அவன் தொப்பியில ஓட்டையே கெடையாது. ஓட்டை இருந்திருந்தா அதுவழியா மண்ணு போயிருக்கும்.”

“அப்ப அதை நான் இப்பப் போட்டேன்னு வெச்சுக்கோ. தொப்பி நெசம், ஓட்டைதான் பொய். போதுமா?”

வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோரும் பார்க்க, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டேன். ரயில்காரர்கள் சிரித்தார்கள். “தாத்தாவுக்கு ஏறிடுச்சு” என்றான் ஒருவன். உள்ளே இருட்டு. மெழுகு வாடை, எலி வாடை, வெங்காய வாடை. ஓட்டை வழியாக ஒரு புள்ளி வெளிச்சம். என் மூச்சே என் முகத்தில் சுடச் சுட அடித்தது. ஆம்புரோஸ் இதற்குள் கிடந்தானா? கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். தொப்பி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

எடுத்தேன். ஆணியில் மாட்டினேன். சைலஸ் பின்னாலிருந்து ஏதோ கேட்டான். வெளியே வந்தேன்.

டாம்சின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். கண்ணால்தான் கேட்டாள்.

“பொய்த் தொப்பி” என்றேன். “அவனோடது அவங்கிட்டதான் இருக்கு.”

“நிச்சயமாவா?”

“ஓட்டை போட்டு வெச்சிருக்கான். வேற என்ன வேணும்?”

அவ்வளவுதான். நம்பிவிட்டாள். மூச்சை நீளமாய் விட்டாள். என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, கல்லறைப் பக்கம் போகாமல் நேராக வீட்டுத் தெருவில் திரும்பி நடந்தாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாற்பது வருஷம் ஆம்புரோஸோடு இருந்தவள், உள்ளே போய் அதை எடுத்து ஒரு தடவை புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மறுபக்கம் நடந்தேன். துணி சிவப்பா, வெள்ளையா? பாலம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். விடுதிக்குள்ளிருந்து யாரோ, “ஐயோ, குண்டு போன வழி!” என்பது தெருவரை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.